செவ்வாய்க்கிழமை பஸ்: ஒரு பில் மென்பொருளின் வெளியீட்டு இடைவெளியைச் சுருக்கிய கதை

2021 டிசம்பர் 31. மறுநாள் காலையிலிருந்து 12 சதவீதம் வரி போடத் திருப்பூரின் பனியன் கம்பெனிகள் தயாராக இருந்தன. ஒரு பீஸ் ஆயிரம் ரூபாய்க்குள் விற்கும் ஆடைக்கு அதுவரை 5 சதவீத ஜிஎஸ்டி. அது ஜனவரி 1 முதல் 12 ஆகும் என்று நவம்பர் 18ஆம் தேதியே அறிவிப்பு வந்திருந்தது. ஆனால் டிசம்பர் 31 அன்று கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் ஜவுளிக்கு அதைத் தள்ளிவைத்துவிட்டது. செருப்புக்கு மட்டும் உயர்வு அப்படியே இருந்தது. ஊர் மூச்சு விட்டது. அந்தக் கம்பெனிகளுக்குப் பில் மென்பொருள் எழுதும் நாங்கள் தலையில் கை வைத்துக்கொண்டோம். 12 சதவீதத்தை ஏற்றிய எங்கள் புது வெளியீடு, அதாவது மென்பொருளின் புதுப் பதிப்பு, இரண்டு நாள் முன்னாடியே எல்லோர் கம்ப்யூட்டருக்கும் போய்விட்டது.

ஓர் எண்ணை மாற்றி மறுபடி அனுப்ப வேண்டியதுதானே என்று தோன்றும். அந்த எண் நிரலில் நான்கு இடங்களில் புதைந்து கிடந்தது. அதோடு, ஒரு வெளியீட்டைக் கட்டி அனுப்புவது எங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் நோம்பி (பண்டிகை) மாதிரி. ஒரே ராத்திரியில் செய்து பழக்கமில்லை. கடைசியில் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் ஃபோன் போட்டு, "புதுசப் போடாதீங்க, பழசுலயே பில்லு அடிங்க" என்று சொன்னோம். ஃபோன் எடுக்காத சிலர் 12 சதவீதத்திலேயே பில் அடித்து, பிறகு கூடுதலாகப் போட்டதைக் கழிக்கக் கிரெடிட் நோட் போட வேண்டி வந்தது.

அதற்குப் பிறகு வெளியீட்டை எப்படிச் சீக்கிரமாக்கினோம், அதில் எங்கே சறுக்கினோம், எதைக் கைவிட மறுத்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

யார் பார்த்தார்கள்

மென்பொருள் பெரிதாக ஒன்றுமில்லை. கட்டற்ற மென்பொருள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஜாப் ஒர்க்குக்கு (வெளியே கொடுத்துச் செய்யும் வேலைக்கு) துணி போன டிசி (டெலிவரி சலான்), திரும்பி வந்த எடை, பில், வாரச் சம்பளம், அவ்வளவுதான். நிரல் எழுதுகிறவர்கள் நான்கு பேர். இரண்டு பேருக்குக் கோவை சரவணம்பட்டியில் ஐடி வேலை, ஒருவர் ஈரோடு, நான் திருப்பூர். யாருக்கும் இதில் சம்பளம் இல்லை.

அந்த மென்பொருளுக்கு உயிர் கொடுத்தது நாங்கள் நான்கு பேர் இல்லை. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் நான்கு ஞாயிற்றுக்கிழமை அவிநாசி ரோட்டுப் பேக்கரி ஒன்றில் உட்கார்ந்து, நாங்கள் பிரிண்ட் எடுத்துப்போன தாள்களைப் பென்சிலால் கிழித்தெறிகிறவர்கள்தான். பனியன் கம்பெனியில் பல வருடமாகக் கணக்கு எழுதும் அக்கா, துணி பின்னால் சுருங்காமல் பதப்படுத்தும் காம்பாக்டிங் வைத்திருக்கும் அண்ணன், பவர் டேபிள் (தையல் மெஷின் வரிசை) எடுத்து நடத்தும் கான்ட்ராக்டர், கோபியிலிருந்து வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நிரல் எழுதத் தெரிந்தவர் இதில் ஒருவரும் இல்லை.

துணியைப் பதப்படுத்தும்போது குறையும் எடைக்கு ப்ராசஸ் லாஸ் என்று பெயர். அதை நாங்கள் ஒருமுறை "செயல்முறை இழப்பு" என்று போட்டிருந்தோம். அக்கா கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, "அதென்னங்க தம்பி, ஷேர் மார்க்கெட்டுல போட்டு நட்டமாயிருச்சா?" என்றார். தமிழாசிரியரே சிரித்துவிட்டு, "ப்ராசஸ் லாஸ்னே இருக்கட்டும், அதுதான் இந்த ஊர்த் தமிழ்" என்றார். இது வார்த்தை விவகாரம். கணக்கு விவகாரத்தில் அக்கா இன்னும் கறார். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய துணி ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. எங்கள் நிரல் அந்த ஒரு வருடத்தைப் பில் தேதியிலிருந்து எண்ணியது. டிசி தேதியிலிருந்து எண்ண வேண்டும் என்று கண்டுபிடித்தது அக்காதான், அதுவும் ஒரே பார்வையில்.

ஆகவே வேகம் வேண்டும் என்பதற்காக இந்தப் பேக்கரி மேஜையைத் தூக்கிப்போட முடியாது. ஆனால் அரசாங்கம் எங்கள் ஆறு மாதக் கணக்குக்குக் காத்திருக்கவும் இல்லை. பில்லை அரசுத் தளத்தில் பதியச் சொல்லும் இ-இன்வாய்ஸ் வரம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதல் உள்ளவர்களுக்கு என்று ஆரம்பித்து, நூறு, ஐம்பது, இருபது, பத்து என்று இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்துவிட்டது.

முதல் முயற்சி, முதல் சறுக்கல்

2022இல் ஆவேசமாக ஒரு முடிவு எடுத்தோம்: வாரம் ஒரு வெளியீடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப்பில் மாற்றங்களைப் போடுவோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் சனிக்கிழமை காலை அனுப்பிவிடுவோம்.

திருப்பூர்க்காரர் யாராவது இதைப் படித்தால் இந்த இடத்திலேயே சிரித்திருப்பார். சனிக்கிழமை சம்பள நாள். வெள்ளி ராத்திரி முழுக்கப் பீஸ் எண்ணிக் கணக்குப் போடும் ஆள், எங்கள் வாட்ஸ்அப் செய்தியைத் திறந்தாவது பார்ப்பாரா? பதில் வரவில்லை. பதில் வராததைச் சம்மதம் என்று நாங்களே எடுத்துக்கொண்டோம்.

அப்படிப் போன ஒரு வெளியீட்டில்தான் அது நடந்தது. பீஸ் ரேட் கணக்கில் பைசாவைத் தள்ளும் இடத்தை ஒருவர் மாற்றி எழுதியிருந்தார். முன்பு சம்பளத் தாளின் எல்லா வரியையும் கூட்டிய பிறகு ரூபாயாக்குவோம். புது நிரல் வரிக்கு வரி பைசாவை வெட்டியது. ஒரு டெய்லர் அந்த வாரம் இருபது விதமான வேலை செய்திருந்தால் இருபது இடத்தில் பைசா போச்சு. மொத்தத்தில் பத்துப் பதினைந்து ரூபாய்தான். ஆனால் சம்பளத்தில் பத்து ரூபாய் குறைந்தால் அதைக் கண்டுபிடிக்காத டெய்லர் இந்த ஊரில் இல்லை. ராத்திரி எட்டு மணிக்குக் கான்ட்ராக்டர் கூப்பிட்டார். "ஏனுங்க தம்பி, உங்க கம்ப்யூட்டரு எங்கூட்டு ஆளுங்க காசுலயா மிச்சம் புடிக்குது?" வித்தியாசத்தை அவரே கையிலிருந்து கொடுத்துவிட்டார். அடுத்த இரண்டு ஞாயிறு பேக்கரிக்கு வரவில்லை.

அக்கா சொன்னது வேறு. "நீங்க வெரசாப் போறதுல எனக்கு ஒண்ணுமில்லீங்க. நான் எப்பப் பாக்கோணும்னு நீங்க சொல்லவே இல்லையே." முன்பு நான்கு ஞாயிறு என்று ஓர் ஏற்பாடு இருந்தது. வெளியீட்டைச் சுருக்கும்போது அந்த ஞாயிறுகளையும் சேர்த்துச் சுருக்கிவிட்டோம். வெளியீடும் சரிபார்ப்பும் ஒரே கயிற்றில் கட்டிக் கிடந்ததால் ஒன்றை இழுத்தபோது மற்றதும் வந்துவிட்டது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்

இதெல்லாம் பெரிய கூட்டங்கள் எப்போதோ பட்டு முடித்த பாடு. பயர்பாக்ஸ் என்ற இணைய உலாவியின் 3.6 வெளிவந்தது 2010 ஜனவரியில், 4 வந்தது 2011 மார்ச்சில். இடையில் பதினாலு மாதம். அடுத்த 5, அதே வருடம் ஜூனில் வந்துவிட்டது. அதன்பின் ஆறு வாரத்துக்கு ஒன்று. 2020இலிருந்து நான்கு வாரத்துக்கு ஒன்று. நடுவில் அலுவலகங்கள், "இவ்வளவு அடிக்கடி எங்களால் சோதிக்க முடியாது" என்று சத்தம் போட்டதால், மெதுவாக நகரும் தனி வரிசை ஒன்றை 2012இல் கொடுத்தார்கள். எங்கள் கதைக்கு அது அவ்வளவு பொருந்தவில்லை. நான்கு பேர் இரண்டு வரிசையைப் பராமரிக்க முடியாது.

ரஸ்ட் என்ற நிரல் மொழிக்காரர்களிடம் கற்றது அதிகம். 2015 மே மாதம் 1.0 வந்ததிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு வெளியீடு. ஆனால் பெரிய மாற்றத்தைப் பற்றிய விவாதத்துக்கு அந்த ஆறு வாரக் கணக்கு கிடையாது. விவாதம் எத்தனை மாதம் வேண்டுமானாலும் ஓடும். முடியும் தறுவாயில், கடைசியாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள் என்று பத்து நாள் கொடுப்பார்கள். முடியாத அம்சம் சாதாரணமாக யாரும் தொட முடியாதபடி பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும். வெளியீடு அதற்காக நிற்காது.

இதை நம் ஊர்க் கணக்கில் சொல்வதென்றால் பஸ்தான். கிராமத்துக்கு ராத்திரி கடைசி பஸ் என்றால் எல்லோரும் மூட்டையோடு முண்டியடித்து ஏறுவார்கள், கண்டக்டர் விசில் அடித்தாலும் ஒருவர் ஓடி வந்து தொங்குவார். கோவை உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ்ஸுக்கு யாரும் அப்படி ஓடுவதில்லை, அடுத்தது பின்னாலேயே நிற்கிறது. ஆறு மாத வெளியீடு கடைசி பஸ். அரைகுறை மாற்றத்தையும் உள்ளே தள்ளச் சொல்லும். அடிக்கடி பஸ் விட்டால், "இது இன்னும் ஆகலீங்க, அடுத்ததுல வரட்டும்" என்று சரிபார்க்கிறவர் கூச்சமில்லாமல் சொல்லலாம்.

நிரல் எழுதும் கருவிகள் செய்யும் எக்லிப்ஸ் கூட்டம் 2006லிருந்து வருடா வருடம் ஜூனில் ஒரே கூட்டு வெளியீடு என்று இருந்து, 2018 செப்டம்பரிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒன்றாக மாறியது. அங்கே முன்பு ஒவ்வொரு பெரிய வெளியீட்டுக்கும் முறையான மறுஆய்வு உண்டு. அதைத் தளர்த்தி, ஒருமுறை தேறினால் அடுத்த ஒரு வருடத்துக்கு வெளியிட்டுக்கொள்ளலாம் என்று ஆக்கினார்கள். திட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது வேறு, இந்த மாற்றம் சரியா என்று பார்ப்பது வேறு என்று பிரித்ததுதான் அதில் எனக்குப் பிடித்தது.

அப்பாச்சி என்ற கட்டற்ற மென்பொருள் அமைப்பின் திட்டங்களில் ஒரு வெளியீட்டுக்கு வாக்கெடுப்பு குறைந்தது 72 மணி நேரம் திறந்திருக்கும், மூன்று பேராவது ஆம் என்று சொல்ல வேண்டும். எங்கள் ஈரோட்டு நண்பருக்கு இந்த 72 மேல் ஒரே மோகம். வியாழன் காலை ஆரம்பித்தால் ஞாயிறு காலை முடிந்துவிடும், அதற்குள் சம்பளக் கணக்கும் முடிந்து யாரும் தலையே நிமிர்ந்திருக்க மாட்டார்கள் என்று நான் வாதாடினேன். உலகம் முழுக்கச் சிதறி இருக்கிற நிரலாளர்களுக்கு மணிக்கணக்கு சரி. திருப்பூருக்குக் கிழமைக் கணக்கு வேண்டும்.

நாங்கள் வைத்த ஏற்பாடு

கடைசியில் வந்து நின்றது இது. ஒருவாரம் விட்டு ஒருவாரம் செவ்வாய்க்கிழமை வெளியீடு. சனி, திங்கள் கிடையவே கிடையாது. ஒரு மாற்றம் அந்தச் செவ்வாயில் ஏற வேண்டுமானால், ஒரு ஞாயிறு உட்பட ஏழு நாள் அது பார்வைக்குக் கிடந்திருக்க வேண்டும். நடுவில் அதைத் திருத்தினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. இரண்டு பேர் "பாத்தாச்சு" என்று எழுத வேண்டும், அதில் ஒருவர் நிரல் எழுதாதவராக இருக்க வேண்டும். பேசாமல் இருப்பது சம்மதம் ஆகாது.

பேக்கரி மேஜை அப்படியே இருக்கிறது, ஆனால் தாள் குறைந்துவிட்டது. முன்பு நூறு தாள், இப்போது நாலைந்து. ஆறு மாதத்து மாற்றத்தை ஒன்றாகக் குவித்தபோது அக்கா முதல் இருபது தாளைத்தான் முழு மனதோடு பார்த்திருக்கிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அவரே சொன்னார், கொஞ்சம் வெட்கத்தோடு. பழைய முறையின் சரிபார்ப்பைப் பற்றி நாங்கள் வைத்திருந்த பெருமையில் பாதி அன்றைக்குக் கரைந்தது.

வரி விகிதத்தை நிரலிலிருந்து பிடுங்கித் தனி அட்டவணையாக வைத்தோம். அட்டவணையின் ஒவ்வொரு வரிசைக்கும் எந்தத் தேதியிலிருந்து என்று ஒரு கட்டம். பழைய விகிதம் அழியாது, அதன் கீழே புதியது சேரும். திரும்பப் பெற வேண்டுமானால் அந்த ஒரு வரிசையை எடுத்தால் போதும். 2021இல் இது இருந்திருந்தால் புத்தாண்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்போம். அட்டவணைக்குச் செவ்வாய்க் கணக்கு கிடையாது, அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் வரிக்கு வரி ஒத்துப் பார்த்தால் அன்றே போகலாம்.

எல்லாவற்றையும் விடப் பலன் கொடுத்தது பழைய பில் கட்டு. யாராவது ஒரு பிழையைப் பிடித்தால், எந்தப் பில்லில் பிடித்தார்களோ அதைப் பார்ட்டி பெயர், எண் எல்லாம் மறைத்து வாங்கிக்கொள்கிறோம். சரியான விடை என்ன என்று அவரே எழுதித் தருவார். அந்தப் பில், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தானாக ஓடும் சோதனையாகிவிடுகிறது. பைசா விவகாரத்தின் சம்பளத் தாள் அதில் முதலாவது. கான்ட்ராக்டரின் கூட்டல் இப்போது அவர் ஊரில் இல்லாத நாளிலும் நடக்கிறது. அவர் மறுபடி பேக்கரிக்கு வந்தது, இதைக் காட்டிய பிறகுதான்.

இந்த ஏழு நாளையும் குறைக்கலாமே என்று எங்களுக்குள்ளேயே கேள்வி வந்தது. அது அடங்கியது 2024 மார்ச் 29க்குப் பிறகு. லினக்ஸ் உலகமே நம்பியிருந்த எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் திட்டமிட்டு ஒரு கள்ளக்கதவு வைத்திருந்தது அன்றுதான் வெளியே வந்தது. ஆன்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் உள்நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டிப்போய்ப் பிடித்தார். டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் சோதனைப் பிரிவுகள் வரை அது வந்துவிட்டது, நிலையான பதிப்புக்கு வரவில்லை. மெதுவாக நகர்கிறது என்று எல்லோரும் குறைசொல்லும் அந்த அடுக்குதான் தடுப்பாக இருந்தது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அந்தக் கருவியைத் தனியாளாகப் பார்த்துவந்தவரை, "ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறீர்கள்" என்று யார் யாரோ பெயரில் கடிதம் எழுதி முன்பே நெருக்கியிருந்தார்கள். அதன் பிறகு எங்களிடம் யாராவது அவசரப்படுத்தினால், என்ன மாற்றம் என்பதோடு யார் கேட்கிறார் என்றும் பார்க்கிறோம்.

2025 செப்டம்பர்

செப்டம்பர் 3, புதன் ராத்திரி ஜிஎஸ்டி கவுன்சில் அறிவித்தது: ஆடையில் 5 சதவீதத்துக்கான வரம்பு பீஸுக்கு 1000 ரூபாயிலிருந்து 2500 ஆகிறது, அதற்கு மேல் 12க்குப் பதில் 18. செப்டம்பர் 22 முதல் அமல். கையில் 19 நாள். அக்டோபர் 20 தீபாவளி, உள்நாட்டு வியாபாரத்துக்கு இதுதான் உச்ச நேரம்.

அட்டவணையின் புது வரிசைகளை மறுநாளே எழுதிப் பார்வைக்கு வைத்தோம். 7ஆம் தேதி ஞாயிறு அக்கா இரண்டு நிமிடத்தில் அதை முடித்துவிட்டு, கீழே இருந்த மாதிரிப் பில்லில் விரலை வைத்தார். டஜன் கணக்கில் அடித்த பில். டஜன் 4,800 ரூபாய் என்றால் பீஸ் 400தான். நிரலோ 4,800ஐ 2500ஓடு ஒப்பிட்டு 18 சதவீதம் போட்டிருந்தது. பழைய ஆயிரம் ரூபாய் வரம்பிலும் இந்தத் தப்பு இருந்திருக்க வேண்டும். அப்போது டஜன் பில் அடித்தவர்கள் விகிதத்தைக் கையால் மாற்றிக்கொண்டு எங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

8ஆம் தேதி திருத்தம் வைத்தோம். ஏழு நாள் முடிந்து 16 செவ்வாயில் ஏறியிருக்க வேண்டியது. 14 ஞாயிறு கான்ட்ராக்டர் கேட்டார், "டஜனு சரிங்க, மூணு பீஸ் பாக்ஸு?" நாங்கள் பன்னிரண்டால் மட்டும் வகுத்திருந்தோம். திருத்தினால் எண்ணிக்கை ஒன்றிலிருந்து, பஸ் போய்விடும். சரவணம்பட்டி நண்பர் ஒருவர், இந்த ஒருமுறை விட்டுவிடலாம், நாடே காத்திருக்கிறது என்றார். ஒரு மணி நேரம் பேசினோம். விடவில்லை.

16ஆம் தேதி வெளியீட்டில் போனது இவ்வளவுதான்: டஜன், பாக்ஸ் அளவில் பில் அடித்தால் நிரல் தானாக விகிதம் போடாமல் நின்று, பீஸ் விலை என்ன என்று கேட்கும். இந்தச் சின்ன நிறுத்தம் 8ஆம் தேதியே தனி மாற்றமாகப் பார்வைக்கு வந்துவிட்டதால் அதற்கு ஏழு நாள் ஆகியிருந்தது. அட்டவணையை அக்கா பிடித்து வைத்துக்கொண்டார். "கவுன்சில் சொல்றது இருக்கட்டும், கெஜட்டு வந்துச்சுங்களா?" அறிவிக்கை 17ஆம் தேதி வந்தது. அன்று சாயங்காலம் அவரும் ஈரோட்டு நண்பரும் ஃபோனில் வரிக்கு வரி படித்து ஒத்துப் பார்த்தார்கள். ராத்திரியே அட்டவணை போனது. 22 காலை பீஸ் கணக்கில் பில் அடித்த யாருக்கும் தொந்தரவு இல்லை.

டஜன், பாக்ஸ் கணக்கில் அடித்தவர்கள் 30ஆம் தேதி வரை, ஒவ்வொரு பில்லுக்கும் பீஸ் விலையைத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. தீபாவளி நெருக்கடியில் அது எரிச்சலான வேலை, திட்டும் வாங்கினோம். நியாயமான திட்டுதான். வேறொரு சிக்கலையும் நாங்கள் சரியாகக் கையாளவில்லை: 22க்கு முன் சரக்குப் போய், பின்னால் பில் போட்டால் எந்த விகிதம் என்பது. சட்டத்தின் 14ஆம் பிரிவு சரக்கு போன நாள், பில் நாள், பணம் வந்த நாள் என்று மூன்றையும் பார்க்கிறது. எங்கள் அட்டவணைக்குப் பில் நாள் மட்டும்தான் தெரியும். அதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று திரையில் ஒரு வரி போட்டதோடு நின்றுவிட்டோம். அந்த மாற்றம் இன்னும் பார்வையில் கிடக்கிறது.

ஆள் கதைக்கு வந்தால், காம்பாக்டிங் அண்ணன் வருவதை நிறுத்திவிட்டார். மாதம் இரண்டு ஞாயிறு என்பது அவருக்கு அதிகம். வருடத்துக்கு எட்டு ஞாயிறு என்றிருந்ததுதான் வசதி என்றார். வேலை சிறிதானாலும் வருகிற தடவை கூடிவிட்டது என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. அவருடைய மகனுக்குத் தாளை ஃபோனில் படம் எடுத்து அனுப்புகிறோம், சில வாரம் பதில் வருகிறது. தமிழாசிரியர் கோபியிலிருந்து பஸ் ஏறி வருவதை விட்டுவிட்டு இப்போது ஃபோனில்தான் பேசுகிறார். அக்கா பங்குனிக்கு மேல் கணக்கு வேலையை விடப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் இடத்துக்கு அவருடைய கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பி.காம் படித்த பெண்ணை இரண்டு ஞாயிறாக அழைத்து வருகிறார். அந்தப் பெண் இதுவரை ஒரு தாளிலும் பென்சில் வைக்கவில்லை. போன ஞாயிறு அக்கா தன் கையிலிருந்த பென்சிலை அவள் பக்கம் தள்ளிவிட்டு, காபி சொல்ல எழுந்து போய்விட்டார்.